வீட்டிலை, மேலை, லைசான மழை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாம்பாருக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. சேலையூர் தம்பி.

“ஆன்ட்டி, ஒரு சந்தேகம். அந்த நாவல்ல வர்ற ஊர் யாழ்ப்பாணமா?”

“இல்லப்பா. மாயவரம் பக்கத்துல ஒரு கிராமம். ஏன் கேக்குற?”

“அப்ப ஏன் எல்லாரும் வீட்டிலை, காலையிலைன்னு பேசுறாங்க?”

கையைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டரைத் திறந்தேன். 41ஆம் பக்கம். நான் பிழை திருத்தி, ‘முடிந்தது’ என்று குறித்து வைத்த பக்கம். ‘வீட்டிலை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.’ அடுத்த வரியில், ‘காலையிலை வந்தவர் இன்னும் போகவில்லை.’ பக்கத்தைத் தள்ளினேன். ‘மாடிக்கு மேலை ஏறினான்.’ அதற்கும் கீழே, வெளியே லைசான மழை பெய்துகொண்டிருந்தது!

லேசான மழை, வாசகர்களே. அதை லைசாக்கியது நான்தான்.

இந்தத் தம்பிக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பூந்தமல்லி பார்வையற்றோர் பள்ளியில் படித்தவர். இப்போது நகரத்தில் ஒரு கல்லூரியில் எம்.ஏ. தமிழ். என் தங்கை மகளின் சிநேகிதர் என்ற வகையில் பழக்கம். அவருக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு நான் செய்த காரியத்தைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

முதலில் என் பெருமையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு அது உடைந்த கதை. நான் 18 வருடம் ஒரு அச்சகத்தில் புரூஃப் ரீடர். ஈயத்தில் அச்சுக்கோத்த காலத்தில் சேர்ந்து, கம்ப்யூட்டர் வந்த பிறகும் சில வருடம் இருந்தேன். கல்யாணப் பத்திரிகையில் ‘ஸ்ரீமதி’யில் ஒரு சுழி குறைந்தாலும் என் கண் அங்கே போய் நிற்கும். ஓட்டலில் மெனு கார்டைக் கொடுத்தால் நான் விலை பார்க்க மாட்டேன், பிழை பார்ப்பேன் என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர்ப் பக்கம் தண்ணீர் எப்படி ஏறியது என்று இந்தப் பகுதிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் புத்தக அலமாரியில் கீழே மூன்று தட்டு போயிற்று. காயவைத்துப் பார்த்தேன், பக்கங்கள் அப்பளம் மாதிரி ஒட்டிக்கொண்டு வரவில்லை. அப்புறம்தான் அந்த நூல்களில் சில இணையத்தில் இருப்பது தெரிந்து, தேடிக்கொண்டு விக்கிமூலத்துக்குப் போனேன்.

அது என்ன என்று கேட்பவர்களுக்கு: விக்கிப்பீடியா குடும்பத்தைச் சேர்ந்த நூலகம். நம் தமிழ்நாடு அரசு பல எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது இல்லையா? பாரதியார் படைப்புகள் 1949இல் தொடங்கி வைத்த வழக்கம். அந்த நூல்களை கோட்டூர்புரத்தில் இருக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகம் ஸ்கேன் செய்து பொதுவில் கொடுத்தது. 2000க்கும் மேற்பட்ட நூல்கள். அவை விக்கிமூலத்தில் ஏறின. ஆனால் ஸ்கேன் என்பது வெறும் போட்டோதானே? அதிலிருக்கும் எழுத்தை எழுத்தாகப் பிரித்தெடுக்க ஓசிஆர் என்று ஒரு மென்பொருள் வேண்டும். த. சீனிவாசன் என்ற கணினித் தமிழ் ஆர்வலர் அதற்கென்றே ஒரு நிரல் எழுதி, அத்தனை நூல்களையும் ஓசிஆர் செய்ய வழி செய்தார். லட்சக்கணக்கான பக்கங்கள்.

மெஷின் படித்துக் கொடுத்துவிட்டது. சரியாகப் படித்ததா என்று பார்ப்பது மனிதர்கள் வேலை. திரையில் ஒரு பக்கம் ஸ்கேன், இன்னொரு பக்கம் எழுத்து. இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். யாரும் பார்க்காத பக்கம் சிவப்பு. ஒருவர் பார்த்துத் திருத்தினால் மஞ்சள். இன்னொருவர் மறுபடி பார்த்துச் சரி என்றால் பச்சை. ஒரே ஆள் மஞ்சளும் பச்சையும் போட முடியாது. நல்ல விதி. என் அனுபவத்தில் பச்சைக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. சிவப்பை மஞ்சளாக்குவதில் இருக்கும் சந்தோஷம் மஞ்சளைப் பச்சையாக்குவதில் இல்லை போலிருக்கிறது.

எனக்கும் அப்படித்தான். ஒரு நாளைக்கு 5 பக்கம் என்று ஆரம்பித்தேன். பிறகு 10. ராத்திரி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ‘இன்று 20 பக்கம்’ என்று போட்டுக்கொள்ளும் அளவுக்கு ஆகிவிட்டது. அக்கா பேத்தி பதிலுக்கு கைதட்டும் படம் போடுவாள்.

இப்போது லைசான மழைக்கு வருகிறேன். அந்த நாவல் 1950களில் அச்சானது. (பெயர் வேண்டாம். என் பிழை அந்த ஆசிரியர் தலையில் விழக் கூடாது.) 1978க்கு முன்னால் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், லை, ளை, னை, ணை எல்லாம் இப்போது போல முன்னால் இணைக்கொம்பு போட்டு எழுத மாட்டோம். எழுத்தின் தலையிலிருந்து யானைத் துதிக்கை மாதிரி ஒன்று சுருண்டு வரும். ணா, றா, னா எழுத்துகளுக்கும் கால் தனியாக நிற்காது, காலை மடித்து எழுத்தோடு சேர்த்துவிடுவோம். இப்படி 13 எழுத்துகள். பெரியார் ரொம்ப நாளாகச் சொல்லிவந்த சீர்திருத்தத்தை 1978இல் எம்.ஜி.ஆர். அரசு ஆணையாகப் போட்டது. துதிக்கை போனது.

ஓசிஆருக்கு அந்தத் துதிக்கை புரியவில்லை. லை இருக்கும் இடத்தில் லே என்று போட்டுவிடுகிறது. னை என்றால் னே. மலை மலே ஆகிறது, தன்னை தன்னே ஆகிறது. ‘என்றான்’ என்பது ‘என்ருன்’. ‘கூறினான்’ என்பது ‘கூறிஞன்’. பழைய நூல் ஒன்றை ஓசிஆரில் போட்டால் எல்லாப் பாத்திரங்களும் என்ருன், கூறிஞன் என்றுதான் பேசிக்கொள்வார்கள்.

ஒவ்வொன்றாகத் திருத்தக் கை வலித்தது. தேடி மாற்றுவதற்கு ஒரு வழி இருக்கிறதென்று அக்கா பேரன் சொல்லிக்கொடுத்தான். ‘லே’ இருக்கும் இடமெல்லாம் ‘லை’ என்று ஒரே தட்டில் மாற்றினேன். மலே எல்லாம் மலை ஆகிவிட்டது. எவ்வளவு ஆனந்தம்! ஒரு நோட்டம் விட்டேன். மஞ்சள் போட்டேன். அடுத்த பக்கம்.

வீட்டிலே, காலையிலே, மேலே, லேசாக என்ற நல்ல சொற்களிலும் ‘லே’ இருக்கிறதே என்று அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. 18 வருட அனுபவம்!

“தம்பி, இதை எங்கயாவது எழுதிட்டியா?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“செமினார்ல சொல்லிட்டேன் ஆன்ட்டி. வெள்ளிக்கிழமை.”

விஷயம் இதுதான். வகுப்பில் ஆளுக்கு ஒரு நாவல் கொடுத்திருக்கிறார்கள். இவர் எடுத்தது இதை. எடுக்கச் சொன்னதே நான்தான். ‘நானே திருத்தினது, தைரியமாப் படி’ என்று லிங்க் அனுப்பியிருந்தேன். இவர் போனில் முழுசாகக் கேட்டு, குறிப்பெடுத்து, நாவலின் மொழிநடை என்று ஒரு பகுதி தயாரித்திருக்கிறார். அதில், ‘பாத்திரங்களின் பேச்சில் யாழ்ப்பாண வழக்கு கலந்திருக்கிறது’ என்று ஒரு கருத்து. தப்பே இல்லை பாருங்கள். யாழ்ப்பாணத்தில் வீட்டிலை, ஊரிலை என்றுதான் பேசுவார்கள், அவர்கள் கதைகளில் அப்படியே எழுதவும் செய்வார்கள். அதற்குத் தோதாக கதையில் கொழும்பில் கடை வைத்துத் திரும்பி வந்த ஒரு மாமா வேறு வருகிறார். ஒரு இடத்தில் மட்டும் வந்திருந்தால் பிழை என்று சந்தேகப்பட்டிருப்பார். பக்கத்துக்குப் பக்கம் மாறாமல் வந்தால்? நான்தான் ஒரே தட்டில் அவ்வளவு ஒழுங்காக மாற்றி வைத்திருந்தேனே.

ஆசிரியர், ‘எங்கே, காட்டு’ என்று அச்சுப் புத்தகத்தைத் திறந்திருக்கிறார். ஒன்றுகூட இல்லை. வகுப்பு சிரித்திருக்கிறது.

“லைசான மழைன்னு வந்தப்பவே லேசா இடிச்சுது ஆன்ட்டி. வட்டார வழக்குன்னா அதுவும் இருக்கலாமோன்னு விட்டுட்டேன்.”

“எனக்கு அப்பவே போன் பண்ணியிருக்கலாமேப்பா.”

“நீங்க திருத்தினதுன்னு சொன்னீங்களே. அச்சுல என்ன இருக்குன்னு நான் பார்க்க முடியாது. நீங்க போட்டு வச்சிருக்கறதுதான் எனக்கு அச்சு.”

கோபமாகச் சொல்லவில்லை. இன்ன பஸ் இன்ன நேரத்துக்கு வரும் என்று சொல்வது போலச் சொன்னார். அன்றைக்கு சாம்பாரில் உப்பு போட்டேனா என்று எனக்கு நினைவில்லை.

அடுத்த ஞாயிறு அவரை வீட்டுக்குக் கூப்பிட்டேன். கேம்ப் ரோட்டிலிருந்து பஸ்ஸில் வந்து, ஸ்டேஷன் மேம்பாலம் ஏறி இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, நான் வாசலுக்கு வருவதற்குள் கேட்டைத் திறந்துவிட்டார். “உங்க தெருவுல மூணாவது ஸ்பீட் பிரேக்கர்னு சொன்னீங்க, எண்ணிட்டு வந்தேன்” என்றார்.

போனை மேஜையில் வைத்து அந்த நாவலைப் படிக்கச் சொன்னார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ரேடியோவில் ஸ்டேஷன் மாற்றும்போது வருகிற மாதிரி ஒரு கரகர சத்தம்.

“இது தமிழா?”

“கொஞ்சம் ஸ்பீடா வச்சிருக்கேன் ஆன்ட்டி. பழகிடும்.” எனக்காகக் குறைத்தார். மெள்ள மெள்ளத் தமிழ் ஆயிற்று.

இந்தத் திரைவாசிப்பான் உங்கள் போனிலும் இருக்கிறது. ஆண்ட்ராய்டு என்றால் டாக்பேக், ஐபோன் என்றால் வாய்ஸ்ஓவர். அமைப்புகளில் அணுகல்தன்மை என்ற இடத்தில் இருக்கும். போட்டுப் பாருங்கள், ஆனால் நிறுத்துவது எப்படி என்று முதலில் தெரிந்துகொண்டு போடுங்கள். அது ஓடும்போது ஒரு தட்டு தட்டினால் பெயரைச் சொல்லும், இரண்டு தட்டு தட்டினால்தான் திறக்கும். நான் இது தெரியாமல் போட்டுவிட்டு, அரை மணி நேரம் போனோடு மல்லுக்கட்டினேன். கம்ப்யூட்டருக்கு என்.வி.டி.ஏ. என்று ஒன்று, இலவசம். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கரன் 2006இல் ஆரம்பித்தது. தமிழ்க் குரலுக்காக நம் ஊர்ப் பக்கமும் நிறைய உழைத்திருக்கிறார்கள், சென்னை ஐ.ஐ.டி.யிலும் காலவாக்கம் எஸ்.எஸ்.என். கல்லூரியிலும் எழுத்தைப் பேச்சாக்கும் ஆராய்ச்சி பல வருடம் நடந்தது.

அந்தக் குரல் எவ்வளவு நன்றாக இருந்தாலும், கொடுத்ததைத்தான் படிக்கும். நம் கண் அப்படியில்லை. ‘மலே’ என்று இருந்தாலும் கண் மலை என்று படித்துவிட்டுப் போய்விடும். அதற்குத் தமிழ் தெரியும், கதை தெரியும், அடுத்து என்ன வரும் என்று தெரியும். போனுக்கு அது எதுவும் தெரியாது.

அன்றைக்கு 12 பக்கம் கேட்டோம். நான் ‘சுத்தம்’ என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்த 12 பக்கம். அவர் 31 இடத்தில் நிறுத்தினார்.

முதல் நிறுத்தம், ‘கௌரவம்’. போன் ‘கெளரவம்’ என்றது, ளகரத்தோடு. நான் திரையைப் பார்த்தேன். சரியாகத்தானே இருக்கிறது? எழுத்தை எழுத்தாகப் படிக்கச் சொன்னார். கெ, ள, ர, வ, ம். அதாவது ஔகாரக் குறியைப் போடாமல், கெ போட்டுப் பக்கத்தில் ள எழுத்தைப் போட்டிருக்கிறது. திரையில் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். ஆயிரம் வருடம் உற்றுப் பார்த்தாலும் என் கண்ணுக்கு அது தெரியாது. இதே போலத்தான் காலும் ரகரமும். ‘கரலம்’ என்று இருக்கும், நாம் ‘காலம்’ என்று படித்துக்கொண்டு போவோம்.

இன்னொன்று. தமிழ் அச்சில் வரி முடியும் இடத்தில் சொல்லை உடைத்து அடுத்த வரியில் தொடர்வோம். இங்கிலீஷில் போல நடுவில் கோடு போடுவதில்லை. ஓசிஆர் அங்கே ஒரு இடைவெளி விட்டுவிடுகிறது. ‘வந்திருக் கிறான்’, ‘சொல்லிக் கொண் டிருந்தாள்’. ஒரு பக்கத்தில் 30 வரி என்றால் பத்து இடத்திலாவது போன் இப்படித் திக்கும். அத்தியாய எண் தமிழ் எண்ணில் இருந்தால் வேடிக்கை. இரண்டு என்பதற்கான ௨, உகரம் மாதிரியே இருக்கும். ‘உ’ என்று மொட்டையாகச் சொல்லிவிட்டு போன் கதையை ஆரம்பித்துவிடும்.

பக்கத்தின் தலையில் புத்தகப் பெயரும் எண்ணும் இருக்குமே, அது எங்கே வருகிறது என்று நாம் கவனிப்பதே இல்லை. அந்த நாவலில் கதாநாயகியின் அப்பா இறக்கிறார். மூச்சு வாங்குகிறது, மகளைப் பார்க்கிறார், ஏதோ சொல்ல வாயெடுக்கிறார். அந்த இடத்தில் பக்கம் திரும்புகிறது. போன் நிதானமாகப் புத்தகத்தின் பெயரைச் சொல்லி, ‘நூற்று முப்பத்தாறு’ என்றது. அதற்குப் பிறகு அப்பா பேசினார்.

“மொதல் தடவை கேட்டப்ப நான் சிரிச்சுட்டேன் ஆன்ட்டி. அப்புறம்தான் அவர் செத்துட்டார்னு புரிஞ்சுது” என்றார். நான் அந்த வரியை அழித்தேன். இப்போது அந்த அப்பா இடையூறில்லாமல் சாகிறார்.

மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும்போது அச்சகத்து நாட்கள் ஞாபகத்துக்கு வந்தன. அங்கே முக்கியமான புத்தகம் என்றால் புரூஃபை ஒரு ஆள் பார்ப்பதில்லை, இரண்டு பேர். ஒருவர் கையெழுத்துப் பிரதியை உரக்கப் படிப்பார். ‘கமா’, ‘பாரா’, ‘கொட்டேஷன் திற’, ‘கொட்டேஷன் மூடு’ எல்லாவற்றையும் ராகமாகச் சொல்வார். காப்பி ஹோல்டர் என்று பெயர். இன்னொருவர் அச்சுத்தாளில் விரல் வைத்துக்கொண்டே போவார். என் கூட காப்பி ஹோல்டராக இருந்த பெரியவர் ஐந்து மணி ஆனால் குரல் கம்மி, பனங்கற்கண்டு வாயில் போட்டுக்கொண்டு படிப்பார். கம்ப்யூட்டர் வந்தது, முதலில் போன வேலை அதுதான். வீண் செலவு என்றார்கள். எனக்கும் அப்போது அது சரியாகவே பட்டது.

தம்பியோடு மூன்று ஞாயிறு உட்கார்ந்த பிறகு எனக்கு ஒன்று பிடிபட்டது. மெஷின் உருவத்தைப் பார்த்துத் தப்புச் செய்கிறது. ழ எழுத்தை மு என்று நினைக்கும். மேலிருக்கும் புள்ளி மங்கியிருந்தால் மெய்யெழுத்தை உயிர்மெய் ஆக்கிவிடும். உருவம் ஒன்று போல இருப்பதால் கண் ஏமாந்து போகிறது. ஆனால் ஒலி வேறு, காது பிடித்துவிடும். மனிதர்கள் டைப் அடித்தால் நேர் எதிர். 1998 பொங்கல் அன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உலகம் முழுக்கத் தமிழர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து இணையத்தில் போட்டார்கள். அப்படி மனதுக்குள் சொல்லிக்கொண்டே அடிக்கும்போது ஒலியில் தப்பு வரும். மனம் மணமாகும், அரம் அறமாகும். அதைக் காது விட்டுவிடும், கண் பிடிக்கும்.

தம்பி ஒரு தடவை அப்படி மாட்டினார். ‘வாழை இலையில் பரிமாறினாள்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் நான் தட்டும்போது ‘பறிமாறினாள்’ என்று விழுந்திருக்கிறது. அவர் சரி என்றார். நான் பார்த்துக் கண்டுபிடித்தேன். அன்றைக்கு நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன், புடவையில் காலர் இல்லை என்பது வேறு விஷயம்.

இரண்டு பேராலும் முடியாதது ஒன்று உண்டு. ஒரு வரியே விட்டுப்போயிருந்தால், அது இல்லாமலும் அர்த்தம் வந்துவிட்டால், கேட்கிறவருக்குத் தெரியாது. ஸ்கேனை வரி வரியாக எண்ணிக்கொண்டு வந்தால்தான் உண்டு. நான் இப்போது ஒரு பழைய ஸ்கேலை திரையில் வைத்து வரியை நகர்த்திக்கொண்டே போகிறேன். ஒரு நாளைக்கு 4 பக்கம். குடும்பக் குழுவில் எண்ணிக்கை போடுவதை நிறுத்திவிட்டேன். ‘என்ன சித்தி, உடம்பு சரியில்லையா’ என்று விசாரிக்கிறார்கள்.

நாட்டுடைமை நூல்கள் சரி, நேற்று வந்த புத்தகம், தேர்வுக்கான கைடு, இதற்கெல்லாம் என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். பார்வையற்ற மாணவர் வீட்டில் பழைய காலத்தில் கேசட் இருக்கும். யாராவது ஒருவர் மனம் வைத்துப் படித்துப் பதிவு செய்து கொடுத்தால்தான் பாடம். அவர் வெளியூர் போனால் பாடம் நின்றது. பிரெய்ல் இருக்கிறது. லூயி பிரெய்லின் ஆறு புள்ளியில் தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்கு ஒரே முறை, பாரதி பிரெய்ல், 1951இல் வந்தது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் தரைத்தளத்திலேயே பிரெய்ல் பிரிவு உண்டு. ஆனால் நாம் பையில் போட்டுக்கொண்டு போகிற ஒரு நாவல் பிரெய்லில் பல தடித் தொகுதிகளாக வரும். அந்த மூட்டையோடு தாம்பரம் எலெக்ட்ரிக் ட்ரெயினில் காலை 8 மணிக்கு ஏறிப் பாருங்கள். பிரெய்லுக்குமே இப்போது முதலில் ஓசிஆர்தான். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஏ.ஜி. ராமகிருஷ்ணன் குழு உருவாக்கிய தமிழ் ஓசிஆர், அச்சு நூல்களைப் பிரெய்லாக்கும் வேலைக்குப் பயன்பட்டிருக்கிறது. அங்கே பிழை திருத்தாமல் விட்டால் அந்தப் பிழை காகிதத்தில் மேடாகவே நின்றுவிடும்.

புதுப் புத்தகத்தை ஸ்கேன் செய்தால் காப்பிரைட் பிரச்சினை வராதா என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. 2012இல் நம் காப்பிரைட் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக, லாப நோக்கமில்லாமல், அவர்கள் பயன்படுத்தக்கூடிய வடிவில் ஒரு நூலை மாற்றிக் கொடுக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அடுத்த வருடம் மொராக்கோவில் மராக்கேஷ் ஒப்பந்தம் என்று ஒன்று வந்தது. இப்படி மாற்றிய நூல்களை நாடு விட்டு நாடு பகிர்ந்துகொள்ள வழி செய்வது. 2014இல் அதற்கு உலகிலேயே முதலில் ஒப்புதல் கொடுத்த நாடு இந்தியா. 2016இல் மத்திய அரசும் டெய்சி ஃபோரம் ஆஃப் இந்தியா அமைப்பும் சேர்ந்து சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தை ஆரம்பித்தார்கள். அச்சைப் படிக்க முடியாதவர்கள் உறுப்பினராகி எடுத்துக்கொள்ளலாம். தம்பி உறுப்பினர்.

சட்டம் இருக்கிறது, மெஷின் இருக்கிறது, குரல் இருக்கிறது. தம்பியின் கல்லூரிப் பாடநூல் ஒன்றை அவர் நண்பர்கள் போனில் போட்டோ எடுத்து ஓசிஆர் செய்து கொடுத்திருக்கிறார்கள். அதைப் போட்டுக் காட்டினார். அட்டவணை ஒன்று வந்தது. இடது பத்தியின் முதல் வரி, வலது பத்தியின் முதல் வரி, மறுபடி இடது... சோழ மன்னர் பெயருக்குப் பாண்டியர் காலம் வந்தது. “இதை எப்படிப்பா படிச்ச?” என்றேன். “தேர்வுல அந்தக் கேள்வி வரக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்” என்றார்.

வந்ததா என்று நான் கேட்கவில்லை.

செமினார் விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினேன். பிழை மாணவருடையதில்லை, திருத்தியவள் நான், எந்தெந்தப் பக்கம், என்ன செய்தேன், எப்படி ஆயிற்று என்று இரண்டு பக்கம். தம்பியிடம் படித்துக் காட்டியபோது, “இது எதுக்கு ஆன்ட்டி, விடுங்க” என்றார். பிறகு, “சரி, அனுப்புங்க. ஆனா ஒரு இடத்துல ‘பாவம்’னு போட்டிருக்கீங்க, அதை எடுத்துருங்க” என்றார். எடுத்துவிட்டேன். ஆசிரியர் மறுபடி பேச வாய்ப்புக் கொடுத்திருக்கிறார். இந்தத் தடவை தலைப்பு தம்பியே வைத்தது, பழைய அச்சு நூல்கள் கணினிக்கு வரும்போது எழுத்துக்கு என்ன ஆகிறது என்பது. லைசான மழைதான் முதல் உதாரணமாம். என் பெயரைச் சொல்லலாமா என்று கேட்டார். சொல்லு என்றேன்.

அதற்குள் நாவலை முடித்துவிட வேண்டும் என்று இருவருக்கும் ஒரு வேகம். 188 பக்கம். இன்னும் 40 பாக்கி. நான் மஞ்சள் போட்டவற்றையெல்லாம் முதலிலிருந்து திரும்பப் பார்க்கிறோம். விக்கிமூலத்தில் அவரும் ஒரு கணக்கு தொடங்கிவிட்டார். நான் மஞ்சள் போட்டதற்கு அவர் பச்சை போடலாம் அல்லவா? முழுசாகக் கேட்டு, இடிக்கும் இடத்தையெல்லாம் ஸ்கேனோடு ஒப்பிட்டு வரி வரியாக என்னை வாசிக்கச் சொல்லி, அப்புறம்தான் போடுகிறார். என்னைவிடக் கறார்.

போன ஞாயிறு 112ஆம் பக்கத்தில் மாட்டிக்கொண்டோம். கதாநாயகி கதவருகே நின்று ஒரே ஒரு சொல் சொல்கிறாள். ஓசிஆர் ‘இல்லே’ என்கிறது. அது துதிக்கை லையா, அல்லது அவள் பேச்சு வழக்கில் நிஜமாகவே ‘இல்லே’ என்கிறாளா? வேறு இடங்களில் அவள் இரண்டு மாதிரியும் பேசுகிறாள். அவனோடு பேசும்போது மட்டும் ‘இல்லே’ என்று குழைகிறாள், மற்றவர்களிடம் ‘இல்லை’. இந்த இடத்தில் அவன் வெளியே நிற்கிறான், அப்பா உள்ளே இருக்கிறார். யாருக்குச் சொன்னாள் என்பதே அந்த ஒரு எழுத்தில் இருக்கிறது.

ஸ்கேனைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சரியாக அந்த எழுத்தின் மேல் நூலக முத்திரை விழுந்திருக்கிறது. நீல மை, வட்டமாக.

“நீங்க என்ன நினைக்கறீங்க ஆன்ட்டி?”

“அவனுக்குத்தான் சொல்லியிருப்பா. ‘இல்லே’தான்.”

“எனக்கு அப்படித் தோணலை. அப்பாவுக்குக் கேக்கணும்னுதான் சொல்றா.”

கொஞ்ச நேரம் சண்டை போட்டோம். பிறகு அந்தப் பக்கத்தைச் சிவப்பிலேயே விட்டோம். எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் அந்த நாவலின் வேறு பிரதி இருக்கிறதாம். வியாழக்கிழமை காலை ட்ரெயினில் போகிறோம். அவர் தாம்பரத்தில் ஏறி ஜன்னல் பக்கம் இடம் போட்டு வைக்கிறேன் என்றிருக்கிறார். எனக்குக் காற்று வேண்டுமாம்.